படைப்பும் பாலர் கைவேலையும்

"உலகத்தைப் படைத்தவர் யார்?" என்று ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர் வினவுகின்றார். "கடவுள்" என்று முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் விடை கூறுகின்றனர். வினாவும் முடிந்தது, விடையும் முடிந்தது, பாடமும் முடிந்துவிட்டதாகவே ஆசிரியர் எண்ணுவார். ஆயின் அவ்விடையைக் கூறிய ஐந்து வயதுக் குழந்தை "படைத்தல்" என்னும் சொல்லினால் எதனை விளங்கிக்கொண்டது? உண்ணுதல், உறங்குதல், ஓடுதல் என்பவற்றை அது தன் உடம்பினால் அறியும். படைத்தலை எதனால் அறியும்?

தமிழிலே இச்சொல்லுக்குப் பொருள் பல. இலையிலே சோற்றையிட்டு முன்வைத்தலும் படைத்தலே. அயல் வீட்டிலே குழந்தை காணும் படையல் அச்சொல்லின் வழிப் பிறந்தது. "சமைத்தல்" என்பதும் இத்தகையதே. ஆக்குதல், அமைத்தல் என்ற பழைய பொருள் ஒதுங்கி, அடுக்களைப் பொருளே இன்று முன்னிற்கின்றது. ஆகவே குழந்தைக்கு நன்கு தெரிந்த ஆக்கம் அம்மாவின் ஆக்கமாகும். அரிசி இருக்கின்றது, தண்ணீர் இருக்கின்றது, நெருப்பு இருக்கின்றது, சோறு உண்டாகின்றது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் கூறும் படைப்பு இதனை ஒத்ததா, இதனின் வேறானதா என்பதைக் குழந்தைக்கு எவ்வாறு உணர்த்துவது? சொற்பொழிவினால் இயலாது. வினாவிடையை மனனஞ் செய்வித்தலாலும் இயலாது. தக்கவாறு தெரிந்தெடுத்த சிறு கைவேலை ஒன்று இதனைச் செய்யவல்லது.

கண்ணும் கையும் அறிவின் வாயில்கள் என்பது கிறித்தவக் கல்வியாளருக்குப் புதிய செய்தியன்று. மொறாவியத் திருச்சபையின் ஆயராயிருந்து, நாடு கடத்தப்பட்டு அலைந்த கொமேனியஸ் என்பார் 1658ஆம் ஆண்டிலே நூரன்பேர்க் நகரிற் படங்களோடு கூடிய பாடநூலொன்றை வெளியிட்டார். அதிலே 150 பாடங்கள் உள்ளன. முதற் பாடம் கடவுள்; அடுத்தது உலகம்; பின்பு வானம், நெருப்பு, காற்று, நீர் என்று படைப்பின் பகுதிகள் ஒவ்வொன்றாக வந்து, இறுதித் தீர்ப்போடு நூல் நிறைவெய்துகின்றது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம். பொருளைக் காணாமற் சொல்லைக் கற்பது வீண் என்பது அவர் கொள்கை.

அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த புரோபல், கண்ணோடு நில்லாது கைக்கும் வேலை கொடுத்தார். 1782ஆம் ஆண்டிலே ஜேர்மன் நாட்டில் லூதரன் சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவரே பாலர் தோட்டம் என நாம் வழங்கும் கல்விமுறையின் தந்தை. பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் 1837ஆம் ஆண்டிலே தொடங்கிய அவரது நிலையத்திற் கடதாசி மடித்தல், கடதாசி பின்னுதல், களிமண்ணால் உருவஞ் செய்தல் என்பன அன்றாடப் பயிற்சிகளாயின. இவற்றை அவர் பொழுதுபோக்காகக் கருதவில்லை. 1826ஆம் ஆண்டில் வெளிவந்த "மனிதனின் கல்வி" என்ற நூலிலே அதற்குக் காரணங் கூறினார்: கடவுள் இடையறாது ஆக்குபவர், மனிதன் அவருடைய சாயலாக உண்டாக்கப்பட்டவன், ஆதலின் மனிதனும் ஆக்குபவனாக வளர்தல் வேண்டும். இவ்வளவு பத்தியோடு எழுதிய ஒருவரின் பாலர் தோட்டங்களை, நாத்திகத்தை வளர்க்கின்றன என்று கூறி 1851ஆம் ஆண்டிலே பிரசிய அரசு தடைசெய்தது விந்தையே. மறு ஆண்டில் அவர் காலமானார். தடை நீங்கியது 1860ஆம் ஆண்டில்.

இனி, எத்தகைய கைவேலை? அச்சிட்ட ஆட்டுக்குட்டியின் முதுகிலே பஞ்சை ஒட்டுதல் பல வகுப்புகளிலே நடைபெறும் வேலை. முப்பது பிள்ளைகளும் முப்பது ஆடுகளோடு வீடு செல்வர், தாய்மார் மகிழ்வர். ஆனால் அந்த ஆட்டைப் பற்றிப் பிள்ளை எண்ணவேண்டியிருந்தது ஒன்றுமில்லை. பசை காயும்வரை காத்திருந்தது மாத்திரமே அதன் பங்கு. கைவேலையின் அமைப்பே பாடத்தின் அமைப்பாக இருத்தல் வேண்டும். கையினாற் செய்யும்போது பிள்ளை எதைக் கண்டுபிடிக்கின்றதோ அதுவே வேதநூலின் கருத்தாகவும் இருந்தால் அன்றோ அக்கைவேலையாற் பயனுண்டு!

அவ்வாறு அமைந்த ஒன்று "கதவுக் கடதாசி" ஆகும். வேண்டிய பொருள்கள் பெரிய வெள்ளைக் கடதாசி ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, வண்ணக் கோல்கள் சில. கடதாசியை அகலவாட்டில் விரித்து, மேற்பாதி கீழ்ப்பாதியின் மீது வந்து படியுமாறு மடிக்கவேண்டும். மேலே படிந்த பாதியை மாத்திரம், ஓரத்திலிருந்து மடிப்பு வரை இரண்டு இடங்களில் வெட்டவேண்டும். இப்போது ஒரு சுவரும் அதிலே மூன்று கதவுகளும் உண்டாகின்றன. மூன்று சமபாகமாக வெட்டுதல் சிறு பிள்ளைகளுக்கு அரிதாகையால், வெட்ட வேண்டிய இடங்களை ஆசிரியர் முன்னரே பென்சிலாற் குறித்து வைத்தல் நன்று. வெட்டுவதைப் பிள்ளையே செய்யவேண்டும். கோணலாக வெட்டினும் குற்றமில்லை.

முதலாங் கதவின் வெளிப்புறத்தில் ஒளியும் இருளும். இரண்டாங் கதவில் மேலே வானம், கீழே நீர். மூன்றாங் கதவிற் கரையும் கடலும், கரையிலே புல்லும் மரமும். இவை முதல் மூன்று நாள்களின் வேலை. இம்மூன்று கதவுகளும் தீட்டி முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "முதலாங் கதவைத் திறந்தால் உள்ளே யார் இருப்பார்?" விடையைச் சொல்லிவிடக்கூடாது. நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டிவிட்டுப் பேசாதிருத்தல் வேண்டும். சிறிது நேரத்திலே யாரேனும் ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஒளி என்ற கதவினுள்ளே சூரியனும் சந்திரனும் விண்மீன்களும். வானமும் நீரும் என்ற கதவினுள்ளே பறவைகளும் மீன்களும். நிலம் என்ற கதவினுள்ளே விலங்குகளும் மனிதரும். முதல் மூன்று நாளிலே வீடுகள் கட்டப்பட்டன. அடுத்த மூன்று நாளிலே அவ்வவ்வீட்டிற்கு உரியவர் குடிவந்தனர்.

இது கடதாசிக்காகப் புனைந்த ஒழுங்கன்று. தொடக்கத்திற் பூமிக்கு வடிவுமில்லை, அதனுள் ஒன்றுமில்லை என ஆதியாகமம் இரு குறைகளைக் கூறுகின்றது. முதல் மூன்று நாள்கள் முதற் குறையையும், பின் மூன்று நாள்கள் இரண்டாங் குறையையும் தீர்க்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வாழ்ந்த தோமஸ் அக்குவைனஸ் என்னும் இறையியற் பேரறிஞரும் ஆறு நாள் வேலையை விளக்குமிடத்துப் பிரித்தமைக்கும் வேலை, அணிசெய்யும் வேலை என வகுத்துக் கூறினார். பெரிய நூல்களிலே வரும் இக்கருத்து, கத்தரிக்கோலும் கடதாசியும் கையிற் கொண்ட ஆறு வயதுப் பிள்ளைக்கும் எட்டுகின்றது.

ஒவ்வொரு படத்தையும் தீட்டியபின் பிள்ளை வண்ணக் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தான் செய்ததைப் பார்த்தல் வேண்டும். இது ஒரு சிறு சடங்கு போலத் தோன்றினும் பொருளுள்ளது. அந்த அதிகாரத்திலே "நல்லது" என்ற தீர்ப்பு ஏழு தடவை வருகின்றது; ஏழாவது தடவை "மிகவும் நல்லது" என்று உயர்கின்றது. நாள்தோறும் ஒன்றாக எண்ணுவோமாயின் ஒரு வியப்பு எதிர்ப்படும். எபிரேய மூலத்தில் இரண்டாம் நாளுக்கு அத்தீர்ப்பு இல்லை. மூன்றாம் நாளுக்கு இருமுறை உண்டு. பதினோராம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இதற்கு விளக்கந் தந்தார்: நீரைப் பற்றிய வேலை இரண்டாம் நாளில் முடியவில்லை, மூன்றாம் நாளிலேயே முடிந்தது, முடியாத வேலையை நல்லது என்று கூறுவதில்லை. அரைகுறையாய்த் தீட்டிவிட்டு "முடிந்தது, சேர்" என்று ஓடிவரும் பையனுக்கு இதைக் காட்டிலும் இனிய திருத்தம் வேறில்லை. நாலு வண்ணக் கோல்களை எட்டுப் பேர் பங்கிடும் வகுப்பில் அது எப்போதும் கைகூடாது என்பதும் உண்மை.

கூர்மையான பிள்ளை ஒன்று இவ்விடத்திலே கேள்வி எழுப்பும்: "சூரியன் நாலாம் நாளிலேதான் வந்தது, அப்படியானால் முதலாம் நாளில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?" ஆசிரியர் பலர் இதற்கு அஞ்சி, "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று வாயை அடைத்துவிடுகின்றனர். ஏழு வயதில் அடைத்த வாய் பதினைந்து வயதிலே விஞ்ஞான வகுப்பிலே திறக்கும். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்றும் பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்றும் அங்கே கற்கும்போது, தான் ஓய்வுநாட் பாடசாலையிலே கற்றது அனைத்தும் கட்டுக்கதையோ என்று அப்பிள்ளை மயங்கும். அந்த மயக்கத்தில் ஒரு பிள்ளையின் நம்பிக்கையே உடைந்துபோகலாம். கைவேலைப் பாடத்தில் உள்ள பெரிய பொறுப்பு இதுவே.

இக்கேள்வி பழமையானது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆதியாகமத்துக்கு விரிவான உரை வரைந்த புனித அகுஸ்தீன், அந்நாள்களை நம்முடைய சூரிய நாள்கள் போன்றவை என எளிதிற் கொள்ளுதல் இயலாது எனக் கண்டார். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி நன்கறிந்த பிற சமயத்தார் முன்னிலையில், வேதநூலின் பெயரால் அறியாமையைப் பேசி நகைப்புக்கிடமாதல் கிறித்தவனுக்குத் தகாது என்றும் எச்சரித்தார். நம் காலத்துக்கு அண்மையில், அண்டம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்து வருகின்றது என்ற கொள்கையை 1931ஆம் ஆண்டிலே முன்வைத்தவருள் முதல்வரான ஜோர்ஜ் லெமைத்தர் என்பவரும் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவே. ஆறு நாள்களையும் இருபத்துநான்கு மணி நேர நாள்களாகக் கொள்ளும் சபைகளும் உள்ளன. அவ்வாறு கொள்ளாத சபைகளும் உள்ளன. கதவுக் கடதாசி அவ்வழக்கைத் தீர்க்கவேண்டியதில்லை. "நல்ல கேள்வி. பெரிய அறிஞர்களும் இதையே கேட்டார்கள். எவ்வளவு காலத்தில் என்று கணக்குக் காட்டுவதற்காக இந்த அதிகாரம் எழுதப்படவில்லை; எல்லாம் யாருடையது, எதற்கு எது இடம் என்று சொல்லவே எழுதப்பட்டது" என்று கூறும் ஆசிரியர் பொய்யும் கூறவில்லை; பிள்ளையை அவமதிக்கவும் இல்லை.

கதவுகளினுள்ளே என்ன தீட்டுவது என்பதிலும் ஒரு கருத்து உண்டு. வெளிநாடுகளிலிருந்து வந்த படங்களைப் பார்த்து நம் பிள்ளைகள் அப்பிள் மரமும் கரடியும் பனிக்கால அணிலும் தீட்டுகின்றனர். அவை படைப்பல்ல என்று எவருஞ் சொல்லார். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் மூன்றாம் நாளிலே பனை நிற்கவேண்டாமா? ஒரு நறுக்குப் பனையோலையைக் கீறி ஒட்டினால் வண்ணக் கோலே வேண்டியதில்லை. மன்னாரிலே பருத்த அடியோடு நிற்கும் பெருக்க மரமும், களப்பிலே மாரிகாலத்தில் வந்திறங்கும் பூநாரையும், குடாவிலே மேயும் கடற்பசுவும் அவ்வூர்ப் பிள்ளையின் கதவினுள்ளே வரட்டும். மலைநாட்டிலே தேயிலைக் கொழுந்து; மட்டக்களப்பிலே வைக்கோலும் வாவி மீனும். தன் ஊரிலே தான் கண்ட பொருளைத் தீட்டும் பிள்ளை, "அந்தக் காலத்தில், அந்தத் தேசத்தில்" என்று எண்ணாது, "இங்கே" என்று எண்ணும். கடைகளில் விற்கும் மினுமினுப்புத் தூளை மாத்திரம் இவ்வேலையில் விலக்கிவிடுதல் நல்லது. அது பெரும்பாலும் பிளாஸ்திக்கு. மீனைப் பற்றிய பாடத்துக்குத் தூவிய தூள் மீனின் வயிற்றிலே போய்ச் சேர்தல் அழகன்று.

ஆறாம் நாளின் மனிதனுக்குக் கடதாசி போதாது, களிமண் வேண்டும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் மனிதனை மண்ணால் உருவாக்கியதாகக் கூறும் இடத்திலே வரும் எபிரேயச் சொல், குயவனின் தொழிலுக்குரிய சொல்லாகும். மனிதனைக் குறிக்கும் ஆதாம் என்ற சொல்லும் மண்ணைக் குறிக்கும் அதாமா என்ற சொல்லும் அம்மொழியில் ஓசையால் உறவுடையன. முதல் அதிகாரத்தின் முதல் வசனத்திலே வரும் சொல் வேறு. "பாரா" என்னும் அச்சொல்லுக்கு வேதநூலிற் கடவுளே எழுவாயாக நிற்பார். இன்ன பொருளைக்கொண்டு ஆக்கினார் என்றும் அதனோடு சேர்த்துக் கூறப்படுவதில்லை. குயவனுக்கு மண் வேண்டும், அம்மாவுக்கு அரிசி வேண்டும், அவருக்கு வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?

களிமண்ணைப் பிசைந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மனித உருவம் செய்யட்டும். செய்து முடித்ததும், "இப்போது அதன் மூக்கிலே ஊதிப் பாருங்கள்" என்று ஆசிரியர் சொல்லட்டும். பிள்ளைகள் ஊதுவார்கள். ஒன்றும் எழும்பாது. வகுப்பு முழுவதும் சிரிக்கும். "ஏன் எழும்பவில்லை?" என்று அப்போது கேட்டால், உருவத்தைச் செய்வது நம்மால் இயலும், உயிரைக் கொடுப்பது நம்மால் இயலாது என்பதைப் பிள்ளைகளே வெவ்வேறு சொற்களிற் கூறுவர். பின்பு வகுப்பிலே ஓரமாயிருக்கும் பிள்ளையை, மெலிந்ததும் நொண்டுவதுமான பிள்ளையைக்கூட, சற்று வேறு கண்ணோடு அவர்கள் பார்க்கக்கூடும். கடவுளின் சாயல் எல்லாருக்கும் உண்டு என்று எழுத்துக்கூட்டி வாசிப்பது வேறு; எழும்பாத பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நடக்கும் தோழனைப் பார்ப்பது வேறு.

களிமண்ணுருவம் உடைவதும் உண்டு. உடைந்தால் அழும் பிள்ளைக்குப் புதிய மண் கொடுப்பதினும், உடைந்த அதே மண்ணை நனைத்துப் பிசையக் கொடுத்தல் சிறந்தது. எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டிலே கண்டதும் அதுவே. கையிலே கெட்டுப்போன பாத்திரத்தின் மண்ணை அக்குயவன் எறிந்துவிடவில்லை.

இங்கே ஆசிரியரின் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளையின் யானைக்குக் கால் ஐந்து இருந்தால் ஆசிரியரின் கை தானாகவே நீளும். ஒரு காலை அழித்து, தும்பிக்கையையும் ஒழுங்காக்கிவிடும். பெற்றோர் தினக் கண்காட்சி அண்மிக்கும்போது இக்கை இன்னும் விரைந்து வேலை செய்யும். அதன்பின் அந்த யானை பிள்ளையினுடையதன்று. தான் ஆக்கிய ஒன்றைப் பார்த்து "நல்லது" என்று சொல்லும் உரிமை அதனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. "இது எத்தனையாவது கால்?" என்று கேட்கலாம், எண்ணச் சொல்லலாம். பென்சிலை வாங்கலாகாது.

எல்லாவற்றிலுங் கடினமான இடம் இரண்டாங் கதவும் மூன்றாங் கதவும், அதாவது கடல். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலையிலே, கடற்கோள் இலங்கையின் கரையோரங்களில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்நாளை அறியாத குடும்பங்கள் சிலவே. இன்று வகுப்பிலே இருக்கும் பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் சுவரிலே மாலையிட்ட படத்தையும், கடற்கரைக்குப் போக மறுக்கும் அம்மம்மாவையும் அறிந்தவர்கள். அத்தகைய பிள்ளை ஒன்று கடலைக் கறுப்பாகத் தீட்டினால் நீல வண்ணக் கோலை நீட்டவேண்டா. "கடலும் நல்லது என்று சொல்" என வற்புறுத்துவதும் கொடுமை.

வேதநூலே அவ்வாறு வற்புறுத்தவில்லை. படைப்பைப் பாடும் நூற்றுநாலாஞ் சங்கீதம் நீர்த்திரளுக்கு எல்லை குறித்ததை நினைவுகூர்கின்றது. பிள்ளைகளை ஒரே நாளில் இழந்த யோபுவின் நூலோ, கடலைக் கதவிட்டு அடைத்ததைப் பற்றிப் பேசுகின்றது. அந்நூலில் யோபு கேட்ட கேள்விகளுக்கு நேர்விடை இல்லை. கேட்டதற்காக அவன் தள்ளப்படவுமில்லை. "கறுப்பாகத் தீட்டியிருக்கிறாய், அதைப் பற்றிச் சொல்ல விரும்பினால் சொல், விரும்பாவிட்டால் வேண்டாம்" என்று கூறி, அப்பிள்ளையின் அருகிலே சற்று நேரம் அமர்ந்திருத்தல் ஆசிரியரால் இயலும். அக்கதவைத் திறந்து உள்ளே மீன் தீட்டுவதா இல்லையா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். வெறுமையாக விட்ட கதவுக்கு மதிப்பெண் குறைப்பார் இரார் என நம்புவோமாக.

இவ்வேலைக்கு ஒரு ஞாயிறு போதாது. முதல் வாரம் கதவுகளை வெட்டி வெளிப்புறம் தீட்டவும், அடுத்த வாரம் உட்புறம் தீட்டவும், மூன்றாம் வாரம் களிமண்ணுக்கும் என மூன்று வாரங்கள் ஒதுக்குதல் வேண்டும். களிமண்ணை முதல் நாளே நனைத்துக் கல் பொறுக்கி ஈரச் சாக்கினால் மூடி வைக்கவேண்டும்.

ஏழாம் நாளுக்கு உரிய இடம் கடதாசியின் பின்புறம். அங்கே ஒன்றுந் தீட்டுவதில்லை. பிள்ளைகள் விடமாட்டார்கள், பூ போடட்டுமா, கோயில் போடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைகளைக் கழுவி வரச்செய்து, முற்றத்து மரநிழலிலே பத்து நிமிடம் சும்மா இருக்கவிடலாம். ஓடுகிறவர்கள் ஓடட்டும். வெள்ளையாய் விட்ட அந்தப் பக்கத்தின் ஒரு மூலையிலே பிள்ளையின் பெயரைச் சிறிதாகப் பென்சிலால் எழுதிவைத்தாற் போதும். மறு வாரம் கடதாசிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது சண்டை வராது.